முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்களை எழுதிய பெண்

1

"நீ கையெழுத்துப் போட வேண்டாம், நான் போடுறேன். காய்ச்சல்னு எழுதி—"

"காய்ச்சல் யாருக்கு வந்துச்சு, உனக்கா? மூணு வாரமும் அவ நம்ம மேசைல—"

"—ஒரு வரி. ஒரே ஒரு வரி. அஞ்சு மணிக்குள்ள குடுத்தா—"

"—உக்காந்திருந்தத வந்தவன் போனவன் எல்லாம் பாத்திருக்கான்."

"பாத்தவன் எவனும் பதிவாளர்கிட்ட போய்ச் சொல்லப் போறதில்ல."

"நான் சொல்லுவேன்."

"சொல்லுங்க தலைவரே. சொல்லிட்டு, அடுத்த வருஷம் வர்ற பிள்ளைங்கள மறுபடி அந்த ஒத்த ஜன்னல் முன்னாடி நிறுத்திட்டு, நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

ஒரு நாற்காலி தரையில் இழுபட்டது. யாரும் போகவில்லை.

2

மேலே இருப்பது நான் கேட்டது. இனி வருவதில் கேட்டது பாதி, சேர்த்தது பாதி. எது எதுவென்று அவ்வப்போது சொல்லிக்கொண்டே வருகிறேன். சொல்ல மறந்த இடத்தில் சேர்த்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு தடுப்புப் பலகைக்கு மேலிருந்த இடைவெளி வழியாக. பழைய கட்டடம். பெரிய கூடம் ஒன்றைப் பலகை அடித்து அறைகளாகத் தடுத்திருந்தார்கள். பலகை கூரைவரை போகவில்லை. அந்தப் பக்கம் பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் அறை. இந்தப் பக்கம் தாழ்வாரம், அதில் ஒரு பெஞ்சு, பெஞ்சில் நான். ஒட்டுக்கேட்டேன் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். காதைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்ள முடியாது.

நான் போனது மூக்குக்கண்ணாடி கொடுக்க. என் நாத்தனார் அங்கே பதிவாளர் அலுவலகத்தில் மூத்த எழுத்தர். எனக்குக் கல்யாணமான புதிதில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள், இப்போது ஓய்வுபெற ஒரு வருடம் பாக்கி. அன்று கண்ணாடியைக் குளியலறை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். மத்தியானம் போன் வந்தது: "எல்லாப் படிவமும் ஒரே படிவமாத் தெரியுது அண்ணி."

பெஞ்சில் ஏற்கெனவே ஒரு பெண் இருந்தாள். ஒல்லி. சட்டைக் காலரில் ஏழெட்டுக் குண்டூசி வரிசையாகக் குத்தியிருந்தது. யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டாள். மூத்த எழுத்தர் கூட்டத்தில் இருக்கிறார், நாலேகாலுக்கு மேல்தான் வருவார் என்றாள். எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். இந்த இடத்து ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

[இந்த நினைப்புக்காகப் பின்னால் நான் வெட்கப்படவேண்டி வரும். இப்போதைக்குத் தண்ணீரைக் குடித்துவிடுகிறேன்.]

எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் வரும். முப்பது வருடம் தொலைபேசி இணைப்பகத்தில் அடுத்தவர் குரல்களைச் சேர்த்துவைத்த பழக்கம். முகம் வராது. ஒரு முறை கதாநாயகனுக்கு மூக்கு இருக்கிறதா என்றே சொல்லாமல் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். எனவே உள்ளே சண்டைபோட்ட இருவரையும் நான் பார்த்ததேயில்லை என்பதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருத்தி சங்கத்தின் தலைவி, இன்னொருவன் செயலாளர். ஒரே வகுப்பு. கோபம் வரும்போது மட்டும் அவன் அவளைத் "தலைவரே" என்பான்.

3

எப்படித் தொடங்குவது என்று பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் வரைவு: பல்கலைக்கழக வாழ்வை மேம்படுத்துவதில் மாணவர் சங்கங்கள் ஆற்றிவரும் பங்கு—

இல்லை. இது ஆண்டு மலரில் துணைவேந்தர் படத்துக்குக் கீழே வரும் வரி.

இரண்டாவது வரைவு: சங்க அறையின் வாசலில் கொடி படபடத்துக்கொண்டிருந்த அந்த—

கொடியே இல்லை. வாசலில் இருந்தது ஒரு வாளி, அதன்மேல் 'இந்த மாடிப்படி பூட்டியிருக்கும், பின்பக்கம் சுற்றி வரவும்' என்று ஒரு அட்டை. சங்கம் என்றால் கொடியும் கோஷமும் என்று நானும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். இந்த அட்டையைப் பார்த்தபிறகுதான் எனக்கு ஆர்வம் வந்தது. மாடிப்படி பூட்டியிருக்கும் என்று இன்னொருவனுக்குச் சொல்லவேண்டுமென்று யாருக்கோ தோன்றியிருக்கிறதே.

மூன்றாவது வரைவு: மூன்று வருடங்களுக்கு முன்பு அங்கே ஒரே ஒரு ஜன்னல் இருந்தது.

இது நிற்கும். தொடர்கிறேன். ஜன்னலுக்குப் பின்னால் என் நாத்தனார். புதிதாகச் சேர்கிறவர்கள் மூன்று வாரத்துக்குள் சேர்க்கை உறுதிப் படிவத்தைக் கொடுத்தாக வேண்டும். இந்த ஜன்னலில் படிவம் வாங்கி, துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்கி, மூன்றாம் மாடியில் முத்திரை குத்தி, திரும்ப இந்த ஜன்னலில். இந்த வரிசை எங்கும் எழுதியிருக்கவில்லை. மாடியில் நின்றவனைக் கீழே அனுப்பினார்கள், கீழே நின்றவனைத் துறைக்கு அனுப்பினார்கள். வருடத்துக்கு முப்பது நாற்பது பேர் படிப்பு வராமல் அல்ல, தப்பான வரிசையில் நின்றதால் இடத்தை இழந்து வீட்டுக்குப் போனார்கள். அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் இருந்த வேறொருவருக்குப் போய்விடும். அதனால் யாருக்கும் கணக்கில் குறை தெரியவில்லை.

சங்கம் என்ன செய்தது என்றால், கத்தவில்லை. ஒரு சேர்க்கைப் பருவம் முழுக்க ஜன்னல் பக்கத்தில் நின்று, வரிசையில் இருப்பவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று குறித்துக்கொண்டது. ஆயிரத்துச் சொச்சம் கேள்விகள். பார்த்தால் அத்தனையும் ஒன்பதே கேள்விகள்தான். அந்த ஒன்பதையும் ஒரே தாளில் எழுதிப் பதிவாளரிடம் கொண்டுபோனார்கள். இந்த ஒன்பதுக்கும் நாங்களே பதில் சொல்கிறோம், ஒரு மேசை போட அனுமதி கொடுங்கள். அவர் கொடுத்தார். எழுத்தில் ஒரு நிபந்தனையோடு: மேசையின் தவறால் ஒருவருக்குக் கெடு தவறினாலும், மறு வருடம் வேலை ஜன்னலுக்கே திரும்பும்.

மேசையில் ஒரு நோட்டு. வருகிற புதியவர் பெயரை அதில் எழுதுவார்கள். எழுதியவுடன் அதே துறையில் படிக்கும் மூத்தவர் ஒருவரைத் 'துணை' என்று போடுவார்கள். துணையின் வேலை, முதல் தடவை துறைத்தலைவர் அறைவரை கூடவே நடப்பது. அவ்வளவுதான். நடக்கிற வழியில் எந்தக் குழாயில் தண்ணீர் வரும், விடுதியில் எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, எந்தப் பேராசிரியர் பார்க்கத்தான் சிடுசிடு என்பதெல்லாம் தானாக வந்துவிடும். படிவம் முடிந்தால் பெயருக்கு எதிரே ஒரு கோடு. சென்ற வருடம் ஒருவர்கூட இடத்தை இழக்கவில்லை.

என் நாத்தனாருக்கு முதலில் இது பிடிக்கவில்லை. பிள்ளைகள் தன் வேலையில் மூக்கை நுழைப்பதாகப் பொருமினாள். இரண்டு வாரம் கழித்துத் தலைவலி மாத்திரையை நிறுத்தினாள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பது அவள் கட்சி.

4

இந்த வருடம் நோட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். அத்தனையையும் எழுதியவள் ஒருத்தி. அழகான உருண்டைக் கையெழுத்து. அவளுக்குச் சங்கத்தில் வைத்த பெயர் குண்டூசி.

ஆமாம். பெஞ்சில் இருந்தவள்தான்.

அவள் எப்படி மேசைக்குப் பின்னால் போனாள் என்பது சேர்த்தது. ஆனால் உள்ளே தலைவி சொன்ன துண்டுகளை வைத்துச் சேர்த்தது. முதல் நாள் காலை. மேசை முன்னால் எண்பது பேர். சங்கத்து ஆட்கள் இரண்டே பேர், அதில் ஒருவன் முத்திரைப் பெட்டியைத் தேடிப் போயிருந்தான். மின்விசிறிக் காற்றில் படிவங்கள் பறந்தன. முன்வரிசையில் நின்ற ஒல்லிப் பெண் தன் பையிலிருந்து குண்டூசி எடுத்து, பறந்ததைப் பொறுக்கி, மூன்று மூன்றாகக் குத்திக் கொடுத்தாள். மேசையில் இருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அங்கே நின்றால் தள்ளுவார்கள், இந்தப் பக்கம் வந்து குத்து என்றாள். வந்தாள். யாரோ நோட்டை அவள் பக்கம் நகர்த்தினார்கள். எழுதினாள்.

அவ்வளவுதான் நடந்தது. இதில் யார் தப்பு என்று நான் நாலு நாள் தேடினேன்.

மூன்றாம் நாள் ஒன்பது கேள்விகளுக்கும் பதில் அவளுக்கு மனப்பாடம். ஐந்தாம் நாள் பெயர் வைத்துவிட்டார்கள். ஏழாம் நாள், மூத்தவர்களே சந்தேகத்துக்கு அவளிடம் வந்தார்கள். புதியவர்களுக்கு வகுப்பு தொடங்குவது நான்காம் வாரம்தான் என்பதால், இவளைக் காணோமே என்று தேட எந்த வகுப்பும் இல்லை. விளக்கடியில் இருட்டு என்பார்கள். இங்கே இருட்டில் இருந்தவள் கையில்தான் விளக்கே இருந்தது.

தன் பெயரை அவள் எழுதிக்கொள்ளவில்லை. எழுதினால் துணை போடவேண்டும். துணை போடுகிற பட்டியலும் அவள் கையில்தான்.

நான் கண்ணாடியோடு போன அன்று காலையில்தான் உறுதியானவர்கள் பட்டியல் பலகையில் ஒட்டப்பட்டது. அடுத்த பருவத்துக்குக் குண்டூசியையும் துணையாகச் சேர்க்கலாம் என்று தலைவிக்கு யோசனை. எந்த வருடம் படிக்கிறாய் என்று கேட்டாள். மூன்று வாரத்தில் முதல் முறையாக ஒருவர் கேட்கிறார்.

"இந்த வருஷம்தான்க்கா."

தலைவி சிரித்தாளாம். குண்டூசி சிரிக்காததைப் பார்த்தபிறகு எழுந்துபோய்ப் பட்டியலைப் பார்த்தாளாம். மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை.

5

"இது நம்புற மாதிரி இல்ல அண்ணி."

என் நாத்தனார். சாப்பாட்டு மேசையில் என் தாள்களைப் பரப்பிவைத்து, படிவம் சரிபார்ப்பதுபோல விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். முந்நூறு பேருக்குத் தேதி சொன்னவளுக்குத் தன் தேதி தெரியாதா? தெரியும் என்றேன். அப்புறம் ஏன் போகவில்லை? பிள்ளைக்கு மூளை வேண்டாமா?

எனக்கும் அதே சந்தேகம்தான். ஆகவே அவளை மாற்றிப் பார்த்தேன்.

அவளுக்கு அந்தப் படிப்பே பிடிக்கவில்லை, அப்பாவின் கட்டாயத்துக்காக— (அடித்தேன். பிடிக்காதவள் பெஞ்சில் அப்படி உட்கார மாட்டாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு.)

மேசையில் கிடைத்த மரியாதை அவள் தலைக்கு ஏறி— (அடித்தேன். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தவள்.)

அவள் மறந்தே போய்— (இதை அடிக்கும் முன் நாத்தனாரே அடித்துவிட்டாள்.)

பிறகு, சேர்க்கத் தேவையில்லாத ஒன்று நினைவு வந்தது. இணைப்பகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கழிப்பறை எங்கே என்று யாரையும் கேட்கவில்லை. முதல் நாள் கேட்டிருக்கலாம். இரண்டாம் நாள் கேட்டால், நேற்று என்ன செய்தாய் என்பார்கள். நாலாம் நாள் கேட்பதற்குப் பதில் வேலையை விட்டுவிடலாம் போலிருந்தது. மத்தியானம் தண்ணீரே குடிப்பதில்லை. தொழிற்சங்கத்து அக்கா ஒருத்தி, சந்தா நோட்டோடு வந்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நோட்டை மூடினாள். உனக்கு இங்கே யாரும் எதுவும் காட்டவில்லையா என்று கேட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். சந்தாவைப் பற்றி அப்புறம்தான் பேசினாள்.

குண்டூசிக்கும் இதுதான். துறைத்தலைவர் அறைக்குத் தனியாகப் போகப் பயம். கூட நடக்க ஒரு துணை வரும் என்று காத்திருந்தாள், எல்லோருக்கும் வந்ததே. முதல் நாள் சொல்லியிருந்தால் அது ஒரு கேள்வி. பத்தாம் நாள் சொன்னால் அது ஒரு குற்றம். இருபதாம் நாள், "குண்டூசி இல்லன்னா இந்த மேசையே இல்ல" என்று தோளில் தட்டியவர்களிடம் போய், நான் மேசைக்கு அந்தப் பக்கத்து ஆள் என்று எந்த வாயால் சொல்வாள்?

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நீங்க கழிப்பறை கேக்கல சரி. அதுக்கு எங்க ஆபீஸ் என்ன பண்ணும்?" என்றாள். ஆனால் அந்தப் பக்கத்தை மடக்கி, படித்து முடித்த தாள்களோடு வைத்துவிட்டாள். அவளிடமிருந்து வரக்கூடிய அதிகபட்ச முத்திரை அது.

6

செயலாளரை வில்லனாக எழுத எனக்கு ஆசையாக இருந்தது. குரலும் ஒத்துழைத்தது, கொஞ்சம் கரகரப்பு. பொய்க் கடிதம் எழுதச் சொல்கிறவன். கதைக்கு வசதி.

பலகைக்கு மேலாக இது வந்து கெடுத்தது:

"உனக்கு அது ஜன்னல். என்னைத் திருப்பி அனுப்புன இடம் அது. மூணு நாள் நின்னேன். மூணாவது நாள்தான் கடைசி நாள், சாயங்காலம் தப்பான வரிசைன்னு சொல்லிட்டு ஜன்னலச் சாத்திட்டாங்க."

அதற்குமேல் அவன் மெதுவாகப் பேசினான், பாதிதான் விழுந்தது. ஒரு வருடம் மாமாவின் அச்சகத்தில் தாள் மடித்திருக்கிறான். வீட்டில் யாரும் திட்டவில்லையாம், அதுதான் தாங்கவில்லையாம். மறு வருடம் திரும்ப வந்து சேர்ந்தான். ஜன்னல் பக்கத்தில் நின்று ஆயிரத்துச் சொச்சம் கேள்விகளையும் குறித்தவன் இவன்தான்.

[இந்தப் பகுதியை நாத்தனாருக்குக் காட்டலாமா என்று யோசித்தேன். காட்டினேன். படித்துவிட்டு, "வரிசைல நிக்கிறவங்க முகம் ஜன்னலுக்குள்ள தெரியாது அண்ணி, கைதான் தெரியும்" என்றாள். எனக்கும் குரல்தானே தெரியும்.]

அப்படியென்றால் தலைவிதான் வில்லியா? விதிமுறைப்படி, தாமதமானவர்களைச் சேர்க்க இரண்டே வழி. இரண்டுக்கும் அன்று ஐந்து மணிவரைதான் நேரம். உடல்நலக் குறைவு என்று மாணவர் எழுதிக் கையெழுத்திட்டு, சங்கம் சாட்சிக் கையெழுத்துப் போட்ட கடிதம். அல்லது, இது மேசையின் தவறு என்று சங்கமே எழுதிக்கொடுக்கும் கடிதம். இரண்டாவதைக் கொடுத்தால் குண்டூசிக்கு இடம் கிடைக்கும். மேசை போய்விடும்.

தலைவி முதலாவதற்கு ஏன் மறுத்தாள்? நேர்மை, வாய்மை என்று அவள் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சலிப்பாக இருந்திருக்கும். அவள் சொன்னது வேறு. நம் சாட்சிக் கையெழுத்து இருந்தால் பதிவாளர் ஒரு கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறார், ஏன்? இதுவரை நாம் பொய் சொன்னதில்லை என்பதால். சென்ற வருடம் நிஜமாகவே விழுந்து கிடந்த பதினோரு பேருக்கு அந்தக் கையெழுத்துதான் இடம் வாங்கிக் கொடுத்தது. பன்னிரண்டாவது பொய் என்று தெரிந்தால், அடுத்து நிஜக் காய்ச்சலோடு வருகிறவனை யார் நம்புவார்?

இருவர் சொல்வதும் சரியாக இருந்தால் கதை எழுதுகிறவள் எங்கே போவாள்? நான் எழுந்துபோய்த் துணி உலர்த்தினேன்.

7

மூன்று முடிவுகள் எழுதிவைத்திருக்கிறேன்.

முதலாவதில், ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது காய்ச்சல் கடிதம் போகிறது. பதிவாளர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார். குண்டூசி வகுப்பில். மேசை தாழ்வாரத்தில். எல்லோருக்கும் நல்லது. ஆனால் இந்த முடிவை உரக்கப் படித்தபோது, தலைவிக்கு மட்டும் வசனமே இல்லை என்று தெரிந்தது. இரண்டு பக்கம் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். அவளை எனக்குத் தெரியும், அப்படி நிற்கிற ஆள் அல்ல.

இரண்டாவதில், உண்மைக் கடிதம். பதிவாளர் கெட்டவர் அல்ல. தாளைப் படித்து, நெற்றியைத் தேய்த்து, எழுதின நிபந்தனை எழுதினதுதான் என்கிறார். அடுத்த வருடம் ஒரே ஜன்னல். குண்டூசி இரண்டாம் வருட மாணவியாக, புத்தகத்தை அணைத்துக்கொண்டு, அந்த வரிசையைத் தாண்டி தினமும் வகுப்புக்குப் போகிறாள். இதை எழுதும்போது கை நன்றாகத்தான் ஓடியது. அதனாலேயே நிறுத்தினேன். அழவைப்பது சுலபம்.

மூன்றாவது என் நாத்தனார் உபயம். பதிவாளர் உண்மைக் கடிதத்தைப் படிக்கிறார், மடித்து இழுப்பறையில் போடுகிறார், "இத நான் பாக்கல, பிள்ளைய உள்ள அனுப்புங்க" என்கிறார். அவர் அப்படிச் செய்கிறவரா என்று கேட்டேன். "சே, செய்ய மாட்டாரு. கதைதானே" என்றாள். பெரிய மனிதர் ஒருவர் மனமிரங்கி முடித்துவைக்கும் கதைக்கு எதற்கு ஒரு சங்கம்? வேண்டாம் என்றுவிட்டேன். அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

நிஜத்தில் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "ஆபீஸ் விஷயம்" என்கிறாள். நாலு மாதமாகிறது. ஒரே வீட்டில், ஒரே குக்கரில் சமைத்துச் சாப்பிடுகிறோம், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். தூக்கத்திலாவது உளறுவாள் என்று பார்த்தேன், குறட்டைதான்.

போய்ப் பார்த்துவிட்டு வரலாம்தான். முதல் வருட வகுப்புகளின் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு தடவை பேருந்து நிறுத்தம்வரை போனேன். திரும்பி வந்ததற்குக் காரணம் இது: மூன்று முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, மூன்றிலும் குண்டூசிக்கு ஒரு வரி வசனம்கூட இல்லை. செயலாளர் பேசுகிறான், தலைவி பேசுகிறாள், பதிவாளர் பேசுகிறார், என் நாத்தனார் நிறுத்துவதேயில்லை. கதைகள் எனக்குப் பேச்சாகத்தான் வரும் என்று உங்களிடம் பீற்றிக்கொண்ட நானும், பெஞ்சில் பக்கத்திலேயே நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தவளிடம், நீ யாரம்மா என்று கேட்கவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அவளைப் பற்றி இரண்டு பேர் உள்ளே அடித்துக்கொள்வதை அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் மூன்று வாரம் செய்ததை நான் நாலு மாதம் செய்திருக்கிறேன்.

எட்டிப்பார்த்தால் அவள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியும். என்ன சொன்னாள் என்று தெரியாது.

8

நான் கண்ணால் பார்த்த கடைசி விஷயம்: நாலு இருபதுக்கு அவள் பெஞ்சிலிருந்து எழுந்தாள். காலரில் இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பைக்குள் போட்டாள். சங்க அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே பேச்சு நின்றது. அந்த நேரம் பார்த்து என் நாத்தனார் வந்து, கண்ணாடியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, இங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறீர்கள், பேருந்து போய்விடும் என்று என்னை எழுப்பிவிட்டாள்.

இனி முழுக்கச் சேர்த்தது. இத்தனை மெதுவாக நான் எதையும் சேர்த்ததில்லை.

செயலாளர் எழுந்து தன் நாற்காலியை அவளுக்குத் தருகிறான். அவள் உட்காரவில்லை. மேசைமேல் இரண்டு தாள்கள். ஒன்று அவன் எழுதியது: ஒன்றாம் தேதி முதல் இருபத்தொன்றாம் தேதிவரை காய்ச்சலால் வீட்டில் படுத்திருந்தபடியால், பல்கலைக்கழகத்துக்கு வர இயலவில்லை. கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறான். இன்னொன்று தலைவி எழுதியது: இந்த மாணவியைப் புதியவர் என்று அறியாமல் மேசைப் பணியில் அமர்த்தியது எங்கள் தவறு. அதிலும் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது, தலைவியுடையது. இன்னும் போடவில்லை.

இரண்டாவது தாள் போனால் மேசை போய்விடும் என்பதை அவளிடம் மறைக்கலாம் என்று செயலாளர் நினைக்கவில்லை. பதிவாளர் எழுதிக்கொடுத்த நிபந்தனையை அவளே பலமுறை படித்திருக்கிறாள். முதல் தாள் பொய் என்பதைத் தலைவியும் சொல்லவேண்டியதில்லை.

"இவ்வளவு நேரம் நாங்களே பேசிட்டிருந்தோம்" என்கிறாள் தலைவி. "நீ சொல்லு. உனக்கு எது வேணும்?"

முந்நூற்றுப் பன்னிரண்டு படிவங்களைச் சரிபார்த்த அதே பழக்கத்தில், குண்டூசி முதல் தாளை எடுத்து வரி வரியாக விரல் வைத்துப் படிக்கிறாள். ஒரு தடவை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படிக்கிறாள். செயலாளர் பேனாவின் மூடியைத் திறந்து அவள் பக்கம் நீட்டுகிறான். சுவரில் மணி நாலு நாற்பது.

இந்த இடத்தில் நான் வெளியே வந்துவிடுகிறேன். இருபது நிமிடம் இருக்கிறது, தாள்கள் இரண்டும் மேசையில் இருக்கின்றன, பேனா திறந்திருக்கிறது. யார் எதில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதை உங்களிடம் விடுகிறேன். நீங்கள் என்னைவிடத் தைரியசாலியாக இருக்கலாம். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: எந்த முடிவை எழுதினாலும், அவள் சொல்வது இதுதான். இதை மட்டும் மாற்றாதீர்கள். நாலு மாதமாகக் காத்திருந்து, நேற்று மத்தியானம்தான் எனக்குக் கேட்டது.

பேனாவை வாங்கிக்கொண்டு, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்கிறாள்:

"போடுறேன் அண்ணா, போடாம என்ன. ஆனா இதுல, நான் இங்க வரவே இல்லன்னு இருக்கே. வந்தேன்ல? மூணு வாரமும் உங்ககூடத்தானே இருந்தேன்?"